ஐந்து கட்டையில் ஓர் ஓசி சுருதி!

மெல்லிசைக் கச்சேரிகளில் ஒரு கட்டம் வரும், கவனித்திருக்கிறீர்களா? அறிவிப்பாளர் குரலைத் தழைத்துக்கொண்டு, 'அடுத்து, நெஞ்சை உருக்கும் ஒரு சோக கீதம்...' என்று சொல்லிவிட்டு நகர்வார். பாடகி கண்ணை மூடிக்கொள்வார். தபேலாக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். கூட்டத்தில் சுண்டல் விற்கிற பையன்கூட ஒரு விநாடி வாயை மூடுவான். அந்த நிசப்தத்தில் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் பாருங்கள் ஒரு சத்தம்... 'ம்ம்ம்ம்ம்ம்ம்!'

யாரும் பாடவில்லை, யாரும் வாசிக்கவில்லை. எல்லோரும் மைக்செட்காரரைத் திரும்பி முறைப்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? முக்கால்வாசி நேரம் குற்றவாளி, மேடை ஓரத்தில் ஓர் இளைஞரின் தோளில் ஸ்டைலாகத் தொங்கிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் கிடார்!

இந்த முனகலுக்கு 'ஹம்' என்று பெயர். ஹம்மிங் பாடகிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் சுருதி உண்டு. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அந்த 50-ம், அதன் இரட்டிப்பான 100-ம்தான் ஸ்பீக்கரில் கேட்கின்றன. ஆர்மோனியத்தை வைத்துச் சரிபார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து கட்டை வருகிறது; அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கல், அவ்வளவுதான்! பாடகிகளுக்குச் சௌகரியமான சுருதி. மின்சார வாரியம் ஓசியில் தம்புரா போடுகிறது என்று சந்தோஷப்படலாம். அமெரிக்கர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அங்கே 60 தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவில் போய் விழுகிறது. எந்த ராகத்தோடும் ஒட்டாத அநாதைச் சுரம். ஹம்மை ஒழிக்க அமெரிக்காக்காரன் முதலில் வரிந்து கட்டியதற்கு இதுகூட ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

சரி, ஒரு மரக்கட்டைக்குள் மின்சார வாரியம் எப்படி நுழைகிறது?

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்கு அடியில் சோப்புப் பெட்டியைவிடச் சிறிதாக ஒரு வஸ்து பதிந்திருக்கும். அதுதான் பிக்கப். உள்ளே ஆறு கம்பிகளுக்கு ஆறு குட்டிக் காந்தங்கள். அவற்றைச் சுற்றி, தலைமுடி கனத்தில் எனாமல் பூசிய செம்புக் கம்பி எட்டாயிரம் சுற்று, கொஞ்சம் முன்னே பின்னே. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சமாசாரம். மைக் கிடையாது, மரப்பெட்டிக்குள் எதிரொலியும் வேண்டியதில்லை. அதனால்தான் எலெக்ட்ரிக் கிடார் பலகை மாதிரி தட்டையாக இருந்தும் ஊரைக் கூட்டுகிறது.

இப்படிப் பிழைப்பு நடத்தி வெற்றி பெற்ற முதல் கிடார் 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் அமெரிக்காவில் செய்தது. ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்றது. உருவம் அப்படியே கைப்பிடி வைத்த தோசைக்கல்! 'ஃப்ரையிங் பேன்' என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. அன்றைக்கே ஹம்மும் கூடவே பிறந்துவிட்டது.

ஏனென்றால், அந்த எட்டாயிரம் சுற்றுச் சுருளுக்குத் தன் வீட்டுக் கம்பி எது, பக்கத்து வீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. காந்தப் புலம் எங்கே அசைந்தாலும் 'வந்தேன்' என்று மின்சாரம் தயாரித்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், பழைய ட்யூப்லைட்டின் சோக், ஓடுகிற மோட்டார், சுவருக்குள் போகிற ஒயர் என்று எல்லோருடைய முனகலையும் வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பியிலிருந்து வருவதே மில்லிவோல்ட் கணக்குதான். அதை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது முனகலும் ஆயிரம் மடங்காகிறது. ராக் பாட்டுக்காரர்கள் கர்புர்ரென்று ஒலியைச் சிதைத்து வாசிக்கிறார்களே, அந்தப் பெட்டியைப் போட்டால் தொலைந்தது. அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். ஹம்முக்குக் கொண்டாட்டம்!

முதலில் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் மேடையில் இரண்டு வகை முனகல் இருப்பது தெரியும். வயிற்றிலிருந்து வருகிற மாதிரி உருண்டையாக 'ம்ம்ம்' என்பது ஒன்று. குளவி மாதிரி 'ஜ்ஜ்ஜ்' என்று காதைக் குடைவது இன்னொன்று. முன்னது காந்தப் புலம் வழியாக வருவது. பின்னது பெரும்பாலும் மின் புலம் வழியாக, காற்றில் மிதந்து வருவது. விளக்குகளை மங்கவைக்கும் டிம்மர், மட்ட ரக மொபைல் சார்ஜர், எல்.இ.டி. சீரியல் செட்டின் டப்பா எல்லாம் இரண்டாவது கட்சி. வியாதி வேறு, மருந்தும் வேறு. இது தெரியாமல்தான் பல பேர் தலைவலிக்கு வயிற்று மாத்திரை சாப்பிட்டுவிட்டு, 'ஒண்ணும் கேக்கலை ஸார்' என்கிறார்கள்.

கிடாரில் உள்ள வால்யூம் குமிழை முழுக்கக் குறையுங்கள். சத்தம் நின்றால் பிக்கப்பும் அதைச் சேர்ந்தவர்களும் குற்றவாளிகள். நிற்காவிட்டால் கிடாரை விட்டுவிட்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயரையும் விசாரியுங்கள். பாதிக் கேஸ் இங்கேயே தீர்ந்துவிடும். பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க வாங்கின ஒயரின் உறைக்கம்பி உள்ளே அறுந்து போயிருக்கும்.

குற்றவாளி கிடார்தான் என்றால், குமிழை மறுபடி ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு பிரதட்சிணம் செய்யுங்கள். சிரிக்காதீர்கள். பிக்கப் சுருள் ஒரு ஆன்டெனா மாதிரி. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால் காந்தப் புலம் சுருளை ஊடுருவாமல் உரசிக்கொண்டு போய்விடும். 'ம்ம்ம்' பாதியாகக் குறையும், சில சமயம் மறைந்தே போகும். வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசான்ய மூலையைத் தேடுவது போல, ஸ்டூடியோக்களில் கிடார்க்காரர்கள் மூலை தேடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் மேடையில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் வாசிக்க முடியுமா?

இன்னொரு வேடிக்கை. கம்பியில் கை வைத்தால் சத்தம் குறைகிறது, கையை எடுத்தால் எகிறுகிறது. அநேகமாக எல்லா கிடாரும் இப்படித்தான். பயப்பட வேண்டாம். உங்கள் உடம்பே ஒரு பெரிய ஆன்டெனா. அறையில் மிதக்கும் மின் புலத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்திருக்கும் கிடாருக்குத் தானம் செய்கிறது. கம்பிகளோ ஓர் ஒயர் மூலம் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. தொட்டவுடன் உடம்பும் எர்த் ஆகிவிடுகிறது. தானம் நிற்கிறது. மாறாக, தொட்டால் சத்தம் அதிகமாகிறதென்றால் யாரோ ஜாக்கில் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்த 'கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை' என்ற வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்கு வருகிறேன். விளையாட்டான விஷயமில்லை.

* * *

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். இவருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் உலகத்தில் பாதிப் பேர் வாசிக்கிற கிடாரை இவர்தான் செய்தார்! 1950-ல் ஒற்றைப் பலகையில் ஒரு கிடார். அது டெலிகாஸ்டர் என்று பேர் வாங்கியது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். மூன்று பிக்கப், மூன்றிலும் ஒற்றைச் சுருள். வெள்ளி மணி மாதிரி கணீரென்று சத்தம். கூடவே 'ம்ம்ம்'.

அதே சமயம் மிஷிகன் மாகாணத்தில், கலமசூ என்ற வாயில் நுழையாத ஊரில் கிப்ஸன் கம்பெனி. அங்கே ஸெத் லவர் என்றோர் எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி. அமெரிக்கக் கடற்படையில் ரேடியோ வேலை பார்த்தவர். ஆம்ப்ளிஃபயருக்குள் ஹம்மை அடக்க இரட்டைச் சுருள் போட்ட சோக் ஒன்றை ஏற்கெனவே பயன்படுத்தியவர். 'சோக்கில் நடக்கிறது பிக்கப்பில் நடக்காதா?' என்று யோசித்தார். நடந்தது!

இவர் செய்த தந்திரம் அபாரமானது. விஞ்ஞானம் வேண்டாம், சட்டசபையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள்: ஒன்று ஆளும் கட்சி, இன்னொன்று எதிர்க்கட்சி. இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சேர்த்தாயிற்று. வெளியிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் ஒன்று 'ஆமாம்' என்றால் மற்றது 'இல்லை' என்கும். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் அடிபட்டுப் போச்சு! அப்படியானால் கம்பியின் இசையும் அடிபட்டுப் போக வேண்டுமே? அங்கேதான் கில்லாடித்தனம். ஒரு சுருளில் காந்தத்தின் வடக்கு முனை மேலே, மற்றதில் தெற்கு முனை மேலே. கம்பியின் சத்தம் காந்தத்தின் மூலமாக வருவதால் அது மட்டும் இன்னொரு முறை திரும்பிவிடுகிறது. திருப்பியதைத் திருப்பினால் நேர். எம்.எல்.ஏ.க்களின் சம்பள உயர்வு மசோதா மாதிரி, இதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாகக் கை தூக்கும்! இசை இரட்டிப்பு, முனகல் பூஜ்யம்.

ஹம்மை எதிர்த்து முட்டித் தள்ளுகிற பொருள் என்பதால் 'ஹம்பக்கர்' என்று பெயர். லவர் 1955 ஜூன் மாதம் பேடன்ட்டுக்கு மனுப் போட்டார். 1957-ல் கிடார்களில் ஏறிவிட்டது. பேடன்ட் கைக்கு வந்தது 1959 ஜூலையில். அதுவரை 'பேடன்ட்டுக்கு மனுச் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு குட்டி ஸ்டிக்கரைப் பிக்கப்பின் முதுகில் ஒட்டி அனுப்பினார்கள். அந்த ஸ்டிக்கர் ஒட்டின பழைய பிக்கப்புகளுக்கு இன்று தங்கத்துக்கு ஈடாக விலை கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பேடன்ட் கிடைத்த பிறகு நம்பரோடு ஒரு புது ஸ்டிக்கர் அடித்தார்கள். அந்த நம்பர் பிக்கப்பினுடையதே இல்லை! லெஸ் பால் வாங்கிய வேறொரு பேடன்ட். கிடாரின் அடியில் கம்பி மாட்டுகிற கொக்கிச் சமாசாரம். காப்பியடிக்க வருகிறவர்களைச் சுற்றலில் விட என்கிறார்கள் சிலர். ஆபீஸ் குளறுபடி என்கிறார்கள் சிலர். இரண்டும் நமக்குப் பழகின விஷயம்தான்.

லவரோடு கதை முடியவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் இல்லினாய் மாகாணத்தில் ரே பட்ஸ் என்பவர், பிரபல கிடார் வித்வான் செட் அட்கின்ஸுக்காக இதே தந்திரத்தைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார். அவர் மனுப் போட்டது 1957-ல். பேடன்ட் கிடைத்ததோ 1959 ஜூன் மாதம், லவருக்கு ஒரு மாதம் முன்னால்! அது மட்டுமில்லை, 1930-களிலேயே பால்ட்வின் பியானோ கம்பெனிக்காக ஒருவர் இதே யோசனைக்கு பேடன்ட் வாங்கியிருந்தார். நல்ல யோசனைகளுக்கு எப்போதுமே இரண்டு மூன்று தகப்பனார்கள்.

'அப்புறமென்ன? எல்லோரும் ஹம்பக்கர் வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?' என்பீர்கள். நியாயமான கேள்வி. அதுதான் நடக்கவில்லை. ஹம்பக்கரில் முனகல் போனபோது கூடவே அந்தக் கணீரும் கொஞ்சம் போய்விட்டது. இரண்டு சுருளும் கம்பியை இரண்டு இடத்தில் வேவு பார்க்கின்றன. மிக மெல்லிய உச்சச் சுரங்கள் அந்த இடைவெளியில் தங்களுக்குள்ளேயே அடிபட்டுப் போகின்றன. சுருள் இரண்டு மடங்கானால் உச்ச ஒலிக்குக் கதவும் பாதி மூடுகிறது. ஆகவே சத்தம் தடித்து, கொழுத்து, வெண்ணெய் மாதிரி வருகிறது. அது வேண்டுமென்பவர்கள் ஒரு கட்சி. 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு நின்ற ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் இன்னொரு கட்சி. ஒற்றைச் சுருள் கட்சி இன்றுவரை கலையவில்லை. முனகலோடு சேர்த்துத்தான் அதைக் காதலிக்கிறார்கள். முனகலை மட்டும் கழற்ற வேண்டும், கணீரைத் தொடக்கூடாது என்பதுதான் பிரச்னையே.

(1967-ல் ஸெத் லவர், ஃபெண்டர் கம்பெனிக்கே வேலைக்குப் போய்விட்டார்! கட்சித் தாவல் அங்கேயும் உண்டு.)

* * *

நம்மூர் மெல்லிசைக் கிடார்க்காரர் என்ன செய்யலாம்?

முதலில் குளவியைப் பிடிப்போம். 'ஜ்ஜ்ஜ்' வகைக்கு மருந்து, கவசம். கிடாரின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைத் திருகாணி கழற்றித் தூக்கினால், மரத்தில் குடைந்த பள்ளம் தெரியும். அதன் உள்சுவர், தரை, பிளாஸ்டிக் தகட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் செம்பு ஃபாயில் ஒட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒன்றோடொன்று பற்றவைத்து, எர்த் ஒயரோடு சேர்த்துவிட வேண்டும். காற்றில் வருகிற மின் புலம் ஃபாயிலில் மோதி எர்த்துக்கு ஓடிவிடும். இதற்கும் ஃபாரடே பேர்தான்: ஃபாரடே கூண்டு. இட்லி மூடி வைக்கிற சமையலறை அலுமினிய ஃபாயிலும் வேலை செய்யும். ஆனால் அதில் ஈயம் ஒட்டாது, திருகாணி போட்டு அழுத்தித்தான் இணைக்க வேண்டும். தனித் தீவாக ஒரு துண்டு நின்றாலும் அது ஆன்டெனாவாகிவிடும். மல்டிமீட்டரை வைத்து மூலைக்கு மூலை இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உயிர் முனை ஒயர் எதுவும் ஃபாயிலைத் தொடக்கூடாது. தொட்டால் ஹம் மட்டுமல்ல, கிடாரே ஊமை! ஆர்வக்கோளாறில் பிக்கப்பின் சுருளையே இறுக்கிச் சுற்றிவிடாதீர்கள். கணீர் மழுங்கிவிடும்.

இதைச் செய்துவிட்டு, 'ஃபாயில் ஒட்டினா எல்லா சத்தமும் போயிடும்னு சொன்னாங்களே' என்று முகம் தொங்கிப்போகிறவர்கள் நிறைய. போகாது ஸார்! 'ம்ம்ம்' போகாது. 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்குச் செம்பு ஃபாயில் என்பது கொசுவலைக்குள் புகுகிற காற்று மாதிரி. அதைச் செம்பால் ஓரளவு தடுக்கவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனத் தகடு தேவை. அதற்குக் கிடாரை விட்டுவிட்டுக் கல்யாண அண்டாவைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

'ம்ம்ம்'முக்கு லவர் சொன்ன வழிதான், எதிர்ச் சுருள். ஆனால் கிடாரை மாற்றாமலே அதை அனுபவிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் மாற்றும் சுவிட்சுக்கு முதலில் மூன்று நிலைதான். குறும்புக்கார வாத்தியக்காரர்கள் அதை இரண்டு நிலைக்கும் நடுவே தொங்கலில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பையும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வைத்தார்கள். அந்தச் சத்தம் தனி ருசி! 1977-ல் கம்பெனியே ஐந்து நிலை சுவிட்ச் போட்டுக் கொடுத்தது. பிற்பாடு நடு பிக்கப்பில் மட்டும் சுற்றையும் காந்தத்தையும் திருப்பிப் போட்டார்கள். ஆகவே இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு ஒற்றைச் சுருளும் கூட்டணி அமைத்து ஹம்பக்கராக மாறிவிடும். மற்ற மூன்று நிலையில் பழையபடி முனகும். இன்று விற்கும் பல ஸ்ட்ராட் வகைக் கிடார்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. உங்களுடையதில் உண்டா என்று பார்க்க, பள்ளிக்கூடப் பையனின் திசைகாட்டியைக் கடன் வாங்குங்கள். முதல் பிக்கப் மேலே வைத்தால் முள்ளின் எந்த முனை இழுபடுகிறது, நடு பிக்கப்பில் எந்த முனை? வேறுவேறு முனை என்றால் அதிர்ஷ்டசாலி. சும்மா இரண்டு ஒயரை மட்டும் மாற்றிப் பற்றவைத்துவிட்டு 'நானே திருப்பிட்டேன்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. காந்தத்தைத் திருப்பாமல் சுற்றை மட்டும் திருப்பினால் முனகல் போகும், பாதி இசையும் போகும். சளி பிடித்த தகர டப்பா மாதிரி கேட்கும்.

சுருளைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பார்வைக்கு ஒற்றைச் சுருள் மாதிரியே விற்கிற 'நாய்ஸ்லெஸ்' பிக்கப்புகளும் உண்டு. நன்றாகவே இருக்கின்றன. காது கூர்மையானவர்கள் மட்டும் 'அந்தப் பழைய கணீர் இல்லியே' என்று முணுமுணுப்பார்கள். நாய்ஸ் கேட் என்றொரு பெட்டி இருக்கிறது. வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்திவிடும். வாசிக்கும்போது முனகல் உள்ளேதான் இருக்கும், இசை அதை மூடிக்கொள்ளும். சங்கீதம் மெல்ல மெல்லத் தேய்கிற இடத்தில் இந்த வாட்ச்மேன் அவசரப்பட்டுக் கதவைச் சாத்தி மானத்தை வாங்குவான். சோக கீதத்துக்கு லாயக்கில்லை.

* * *

இப்போது அந்த எர்த் விஷயம்.

வீட்டில் மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள பின் மட்டும் குண்டாக, நீளமாக இருக்கும். அதுதான் எர்த். நீளம் எதற்கு? சொருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விட வேண்டும். காவல்காரன் முதலில் வந்து கடைசியில் போகிற மாதிரி. ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூடு அந்தப் பின் வழியாக, எங்கோ வீட்டுப் பின்புறம் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்குப் போகிறது.

கிடாரின் ஆறு கம்பிகளும் எங்கே போகின்றன? பாலம், எர்த் ஒயர், கிடார் ஒயரின் உறைக்கம்பி, ஆம்ப்ளிஃபயரின் கூடு என்று அதே பாதையில் அதே குழிக்கு. ஆக, விரல் படுகிற கம்பியும் ஆம்ப்ளிஃபயரின் உடம்பும் ஒன்றுதான். உள்ளே ஏதோ ஓர் ஒயர் நைந்து, 230 வோல்ட் அந்தக் கூட்டைத் தொட்டால்? எர்த் இருந்தால் மின்சாரம் குழிக்குப் பாயும், ஃப்யூஸ் பட்டென்று போகும், கச்சேரி பத்து நிமிஷம் நிற்கும். எர்த் இல்லாவிட்டால் கம்பி 230 வோல்ட்டில் காத்திருக்கும். கிடார்க்காரர் கையில் கம்பி. கோரஸ் பாட மைக்கில் உதடு. மைக்கின் வலைத் தலை வேறு வழியாக எர்த் ஆகியிருக்கும். குறுக்கே இருப்பது மனுஷனின் நெஞ்சு.

இது கற்பனையில்லை. 1972 மே 3-ம் தேதி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற குழுவின் கச்சேரி. கிடார்க்காரர் லெஸ் ஹார்வி, 27 வயது. சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். 1965 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஸாக்ரமென்டோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் கிடார், மைக் ஸ்டாண்டில் பட்டு அவர் மூர்ச்சையாகி விழுந்தார். பிழைத்தது, போட்டிருந்த ஷூவின் ரப்பர் அடிப்பாகத்தால் என்பார்கள். பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு பின் பிளக்தான். ஹம்மைக் குறைக்க மின்கம்பிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு கெபாஸிட்டர் போட்டிருப்பார்கள். அது கெட்டால் கூட்டில் ஷாக். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயரே 'டெத் கேப்', அதாவது சாவுக் கெபாஸிட்டர்!

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், ஹம் குறைக்கும் வைத்தியங்களில் மிகச் சுலபமானதும், உடனே பலன் தருவதும், இந்த எர்த்தை வெட்டிவிடுவதுதான். இரண்டு ஆம்ப்ளிஃபயரை இரண்டு வேறு ப்ளக் பாயின்ட்டில் சொருகி, நடுவில் ஒயரால் இணைத்தால் எர்த் பாதை வட்டமாகிவிடும். அந்த வட்டத்தில் மின்சாரம் சுற்றிச் சுற்றி வந்து பிரமாதமாக முனகும். ஒரு பக்க எர்த் பின்னைப் பிடுங்கினால் வட்டம் உடையும், சத்தம் டக்கென்று நிற்கும். மேடைக்குப் பின்னால் இந்த சம்பாஷணை சர்வ சாதாரணம்:

"அண்ணே, எர்த் ஒயரைக் கழட்டி விட்டுட்டா சத்தம் சுத்தமாப் போயிடும்ண்ணே!"

"சத்தம் போயிடும்டா தம்பி. கூடவே நீயும் போயிடுவே!"

இப்படிப் பதில் சொல்கிற அண்ணன் எல்லா மேடையிலும் இருப்பதில்லை. திருவிழா மேடைகளில் பிளக்கே இருக்காது. ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சி செருகி டைட் வைப்பார்கள். சிவப்பும் கறுப்பும் உள்ளே போகும். பச்சை ஒயர் மட்டும் 'நமக்கு வேலையில்லை' என்று வெளியே தொங்கும். கீழே மழை ஈரம், காலில் செருப்பில்லை, ஏனென்றால் கோயில் மேடை.

வட்டத்தை உடைக்க உயிருக்கு ஆபத்தில்லாத வழிகள் உண்டு. மேடையில் உள்ள ஆம்ப்ளிஃபயர், எஃபெக்ட்ஸ் பெட்டி எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலே வட்டம் சிறுத்து, முனகல் அடங்கிவிடும். மிக்ஸருக்குப் போகிற வழியில் டி.ஐ. பாக்ஸ் வைத்தால் அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் ஒயரின் உறையை மட்டும்தான் பிரிக்கும். கரன்ட் பிளக்கின் எர்த்தைத் தொடாது. ஆகவே தைரியமாகத் தட்டலாம். போர்டுக்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுவிட்டால், கரன்ட் தப்பு வழியில் கசிந்த மாத்திரத்தில் லைனைத் துண்டித்துவிடும். ஒரு நல்ல பிக்கப் விலையைவிடக் குறைவு.

கச்சேரிக்கு முன்னால் ஒரு நிமிஷ வேலையும் இருக்கிறது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிடார்க் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் வையுங்கள். முள் அசையாமல் கிடந்தால் சரி. எண் கிடுகிடுவென்று ஏறினால் அறிவிப்பாளரை இன்னும் நாலு ஜோக் சொல்லச் சொல்லிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பச்சை ஒயரை உள்ளே தள்ளுகிறவரை கிடார் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.

எல்லாம் செய்த பிறகும் ஒற்றைச் சுருள் கொஞ்சம் முனகத்தான் செய்யும். ட்யூப்லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் ஐந்தடி தள்ளி நின்றால் இன்னும் குறையும். அதற்கும் மிஞ்சினால், அறிவிப்பாளர் பேசும்போது வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வையுங்கள். பாட்டு ஆரம்பிக்கும்போது ஏற்ற மறந்துவிட்டு, முதல் பி.ஜி.எம்.மை மௌனமாக வாசிக்காமல் இருந்தால் சரி!